நன்றாக நடத்தப்பட்ட ஒரே ஆள்

துறை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டது. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

"மறுப்பாங்கன்னு நினைச்சேன் சம்பந்தி," என்றார் வக்கீல், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "மறுத்திருந்தா நார் நாராக் கிழிச்சிருப்பேன். இப்படி நல்ல பிள்ளையாட்டம் ஒத்துக்கிட்டா நான் எதைப் பிடிச்சு இழுக்கிறது?"

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு ஊரறிந்த பெயர் விசாரணையக்கா. குடிநீர் வாரிய அலுவலகத்தின் வாசலை ஒட்டிய மேசையில், 'விசாரணை' என்று எழுதிய பலகைக்குக் கீழே, ஒரு முடிகூட நரைக்காத வயதில் போய் உட்கார்ந்தவள். இப்போது கறுப்பு முடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வருகிறவர்களை எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவது அவள் வேலை. இயக்குநர் முதல் துப்புரவுக்காரர் வரை எல்லாருக்கும் அவள் அக்கா. இயக்குநர் அவளைவிட மூத்தவர். அவருக்கும் அக்காதான்.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. வீடுகளுக்குக் குழாய் இணைப்புக் கொடுக்கும் பிரிவின் தலைவர் பதவி. அந்த நாற்காலி காலியாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அதில் ஒரு பூனை மூன்று தடவை குட்டி போட்டிருந்தது. துறைத் தேர்வில் முதலாவதாக வந்தவள் அக்கா. நேர்காணலில் இயக்குநர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த நாற்காலிக்கு ஆம்பளை உடம்புதான் அக்கா சரிப்படும்," என்று நாலு பேர் காதுபடச் சொன்னார். அக்கா ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே பாக்கி. அந்த நாற்காலியில் ஒரு நாளாவது உட்கார்ந்து எழுந்த பிறகுதான் வீட்டுக்குப் போவது என்று அக்கா முடிவுகட்டிவிட்டாள். அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டாள்.

வக்கீல், அவள் மகளின் மாமனார். வாழ்நாள் முழுக்க நிலத் தகராறு தவிர வேறு வழக்கைத் தொட்டதில்லை. ஆனாலும் என்ன செய்வது? காசு கொடுத்து வைத்த வக்கீலை மாற்றலாம். பெண்ணைக் கொடுத்து வைத்த வக்கீலை மாற்ற முடியுமா? அவர் எழுதிய மனுவும் அப்படித்தான் இருந்தது: 'வாதியின் மேசைக்குக் கிழக்கே வாசல், மேற்கே கழிவறை, வடக்கே செத்துப்போன தண்ணீர்க் குளிர்விப்பான், தெற்கே சுவர்.' அதைப் படித்த தீர்ப்பாயத்தின் நீதிபதி முதல் நாளே நில அளவையாளரை அனுப்ப உத்தரவிட்டுவிட்டார். அவரும் வந்து, வாசலில் சங்கிலி பிடித்து அளந்து, மேசையின் நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டுப் போனார். அக்கா தினமும் அதில் ஒரு கல்லில் இடித்துக்கொள்வாள்.

"துறை என்னதான் எழுதியிருக்கு, படிங்க சம்பந்தி."

வக்கீல் படித்தார். "வாதியின் நாற்காலிக்கு மூன்று கால்தான் என்பது உண்மை. மகள் திருமணத்துக்கு அரை நாள் விடுப்புத் தந்து, அதிலும் பாதியில் திரும்பக் கூப்பிட்டது உண்மை. 'ஆம்பளை உடம்பு' என்று இயக்குநர் சொன்னதும் உண்மை. ஆனால், அடுத்து வந்த ஆண் விண்ணப்பதாரரிடம் 'இந்த உடம்பை வச்சுக்கிட்டா?' என்றும், அதற்கடுத்தவரிடம் 'முதல்ல போய்த் தலையைச் சீவிட்டு வாய்யா' என்றும் சொல்லி, பதவியை அவர் யாருக்குமே தரவில்லை. ஆண், பெண் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லா ஊழியர்களையும் இப்படித்தான் நடத்துகிறோம் என்பதை இத்துறை பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறது."

அக்காவுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. எழுதினவன் நல்ல கெட்டிக்காரன்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"மோசமா நடத்தினாங்கன்னு நிரூபிச்சாப் பத்தாது. பொம்பளைங்கறதால உங்களை மட்டும் மோசமா நடத்தினாங்கன்னு நிரூபிக்கணும். அதுக்கு அதே ஆபீஸ்ல நல்லா நடத்தப்பட்ட ஆம்பளை ஒருத்தர் வேணும்."

"ஒருத்தர்தானே? ஆபீஸ் பூரா ஆம்பளைங்கதான். நாளைக்கே பிடிச்சுட்டு வரேன்," என்று அக்கா கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலை முதல் ஆளாகப் பில் எழுத்தரிடம் போனாள். "தம்பி, உன்னை இங்க நல்லாத்தானே நடத்துறாங்க?"

பில் எழுத்தர் பேனாவை வைத்தார். அவர் கண் கலங்கியது. "அக்கா, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? ஏன் இப்படி ஒரு பழியைத் தூக்கிப் போடுறீங்க?"

"பழி இல்லடா. ஆம்பளைங்கறதால ஏதோ கொஞ்சம்..."

"உங்க நாற்காலிக்கு மூணு காலாவது இருக்கு. நான் உக்காந்திருக்கிறது என்னன்னு பாத்தீங்களா? கவிழ்த்துப்போட்ட வாளி!"

கணக்கர் எட்டிப் பார்த்தார். "வாளியா? கொடுத்து வச்ச மகராசன். நான் காலையிலருந்து நின்னுக்கிட்டிருக்கேன். முட்டி தேஞ்சு, வீட்ல உக்காரச் சொன்னாக்கூட எப்படி உக்கார்றதுன்னு மறந்துபோச்சு."

மேல்மாடிக்காரர் ஒருவர் படியிறங்கி வந்தார். தன் அறைக்குப் பல வருஷமாகக் கூரையே கிடையாது, மழை பெய்தால் குடைக்குள் உட்கார்ந்து குடிநீர்ப் பற்றாக்குறை அறிக்கை எழுதுகிறேன் என்றார். அதற்குள் அலுவலகமே கூடிவிட்டது. அவரவர் துக்கத்தை அவரவர் எடுத்து விட்டார்கள். ஒருத்தர் துக்கத்தை இன்னொருத்தர் துக்கம் தூக்கிச் சாப்பிட்டது. மத்தியானத்துக்குள் யாருடைய நிலைமை ரொம்ப மோசம் என்று இரண்டு பேருக்குக் கைகலப்பே வந்து, அக்காதான் நடுவில் புகுந்து விலக்கிவிட்டாள்.

எப்படியாவது கூண்டில் ஏற்றிவிட்டால் உண்மை வந்துவிடும் என்று வக்கீல் நாலைந்து ஆண்களைச் சாட்சிக்கு அழைத்தார். வந்தது. வாளி வந்தது, முட்டி வந்தது, குடை வந்தது. நீதிபதி இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரசு வக்கீல் ஒரு குறுக்குக் கேள்விகூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு சாட்சி இறங்கும்போதும் எழுந்து நின்று, "நன்றி, நன்றி" என்று கைகூப்பி வழியனுப்பினார்.

"எதிர்க்கட்சிக்கு நம்ம செலவுல சாட்சி பிடிச்சுக் குடுத்த மாதிரி ஆயிடுச்சே," என்றாள் அக்கா வெளியே வந்ததும்.

வக்கீல் அசரவில்லை. "நிலத்துல ஒரு வழி உண்டு சம்பந்தி. பக்கத்து வயல்காரன் வரப்பை மிதிக்கலைன்னா, மிதிக்க வைக்கணும். மத்தவங்களைவிட உங்களை ஒருபடி அதிகமா மோசமா நடத்த வைங்க. இயக்குநரைச் சீண்டுங்க. அவர் உங்க மேல மட்டும் பாஞ்சா வழக்கு நம்ம பக்கம்."

அக்காவுக்கு வாழ்க்கையில் யாரையும் சீண்டிப் பழக்கமில்லை. இருந்தாலும் பதவி ஆசை யாரை விட்டது? மறுநாள் நன்றாக வெயிலேறிய பிறகு அலுவலகம் வந்தாள். மேசையில் தலையை வைத்துத் தூங்கினாள். தூக்கம் வராததால் குறட்டை மட்டும் விட்டாள். இயக்குநர் கடந்து போகும்போது காலை நீட்டி நாளிதழை விரித்து, "என்ன, இன்னிக்கு ஐயாவுக்கு வேலை ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள்.

இயக்குநர் நின்றார். அவர் முகம் சிவந்தது. அக்காவின் மனம் குளிர்ந்தது. 'வா ராசா, வா. வாய் நிறைய ஒரு வார்த்தை சொல்லு.'

இயக்குநருக்கு அப்போதுதான் வழக்கு ஞாபகம் வந்தது. விழுங்கினார். "அக்காவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கு," என்றார் திரும்பி. "யாருய்யா அங்க? அக்காவுக்கு ஒரு புது நாற்காலி கொண்டாங்க!"

வந்தது. நாலு காலோடு நிற்காமல், அதற்குக் கீழே சக்கரமும் வைத்து, மெத்தை தைத்து, சுழலும் நாற்காலி வந்தது. அலுவலகம் மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வேலையை நிறுத்துவதற்கு அவர்களுக்குப் பெரிய முயற்சி ஒன்றும் தேவைப்படவில்லை; பார்ப்பதற்குத்தான் தேவைப்பட்டது. வயிறு எரியும்போது கண் சரியாகத் தெரியாது.

அன்று சாயங்காலமே ஆண் ஊழியர் உரிமைச் சங்கம் பிறந்தது. மறுவாரம் அவர்களும் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 'எங்களை ஆண்கள் என்பதால் மோசமாக நடத்துகிறார்கள். அதே அலுவலகத்தில் நன்றாக நடத்தப்பட்ட பெண் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் விசாரணையக்கா. சான்றுப்பொருள்: சக்கர நாற்காலி.'

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போதாதென்று, அது கிணறு வெட்டியவள் மேலேயே வழக்கும் போட்டுவிட்டது.

அக்கா நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். யாரும் வாங்கவில்லை. "எனக்கு வேண்டாம்பா," என்று பில் எழுத்தர் வாளியை இறுகப் பிடித்துக்கொண்டார். "அதுல உக்காந்தா நான் நல்லா இருக்கேன்னு ஆயிடும். கேஸ் போயிடும்." கணக்கர் அதைத் தாண்டிப் போகும்போது சுவரை ஒட்டி ஒதுங்கிப் போனார். கடைசியில் அந்த நாற்காலி நடைபாதையில் அநாதையாக நின்றது. காற்றடித்தால் மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகரும். ஆட்கள் விலகி வழிவிடுவார்கள்.

அக்காவின் கணவர் தையல்காரர். வீட்டு முன்னறையில் தையல் இயந்திரத்தை ஓட்டியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். வக்கீல் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்ததும் மிதிப்பதை நிறுத்தினார்.

"ஏன் சம்பந்தி, துணி வெட்டுறதுக்கு முன்னாடி விரிச்சுப் போட்டுப் பாக்குற மாதிரி, அந்த ஆபீஸை ஒருதரம் விரிச்சுப் போட்டுப் பாத்தா என்ன?"

நிலத்து வக்கீலுக்கு இது தேனாக இனித்தது. "அப்படிச் சொல்லுங்க! வரைபடம் இல்லாம வழக்கு உண்டா?"

வெட்டும் மேசையில் பழைய துணி ஒன்றை விரித்தார்கள். தையல்காரர் சுண்ணத்துண்டால் கோடு போட, அக்கா ஒவ்வொரு மேசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இங்கே வாளி, இங்கே முட்டி, மாடியில் குடை. ஒவ்வொருவரின் நாலு எல்லையையும் வக்கீல் கேட்டு வாங்கினார். அலுவலகம் முழுதும் நிரம்பிவிட்டது, வடகிழக்கு மூலை தவிர.

"இங்க யாரு?" என்றார் தையல்காரர், சுண்ணத்துண்டால் தட்டி.

அக்கா யோசித்தாள். "அங்க ஜன்னல்காரர்."

"அவருக்கு என்ன குறை?"

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். திரும்பவும் திறந்தாள். "அவருக்கு... குறையே இல்லைங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜன்னல்காரர் எப்போது வந்தார் என்று யாருக்கும் நினைவில்லை. வெகுகாலமாக இருக்கிறார். காற்று வரும் ஒரே ஜன்னல் அவர் பக்கம். ஓடும் ஒரே மின்விசிறி அவர் தலைக்கு மேல். உட்கார்வது மெத்தை வைத்த நீள இருக்கை. காலையில் நாளிதழ் முதலில் அவரிடம் போய்த்தான் மற்றவர்களுக்கு வரும். தேநீரும் அப்படியே. ஒரு கோப்பு அவரிடம் வந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு அதட்டல் அவர் மேல் விழுந்து யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் போகும்போது அலுவலகக் குழாயில் இரண்டு கேன் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார். பெரிய மனிதர்களுக்கு அது ஒரு சலுகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஊழியர்கள் அவரை இயக்குநரின் சொந்தக்காரர் என்று நம்பினார்கள். இயக்குநரோ, தன்னைக் கண்காணிக்கத் தலைமையகம் அனுப்பிய ஆள் என்று நம்பி, அவர் எதிரே வந்தால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்.

"ஆள் அகப்பட்டாச்சு!" என்று வக்கீல் துள்ளிய துள்ளலில் சுண்ணம் பறந்தது.

மறுநாள் அக்கா தயங்கித் தயங்கி வடகிழக்கு மூலைக்குப் போனாள். ஜன்னல்காரர் அவளைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றார். இருக்கையைத் துடைத்துவிட்டு, "உக்காருங்கம்மா," என்றார்.

"உங்களால எனக்கு ஒரு உதவி ஆகணும் சார். தீர்ப்பாயத்துல வந்து, உங்களை இங்க எப்படி நடத்துறாங்கன்னு சொல்லணும்."

"சொல்றேன்மா. இருக்கிறதைச் சொல்றதுக்கு என்ன? உங்க காரியம் நடந்தா நல்லதுதான். இங்க ஏதாவது ஒண்ணு நடக்காதான்னுதானே நானும் பாத்துக்கிட்டிருக்கேன்."

எவ்வளவு பெரிய மனசு என்று அக்கா நெகிழ்ந்துபோனாள். அவள் சீண்டிய நாளிலிருந்து அலுவலகத்தில் அவளிடம் முகம்கொடுத்துப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

விசாரணை நாளன்று தீர்ப்பாயம் நிரம்பி வழிந்தது. ஆண் ஊழியர் சங்கம் வாளியோடு வந்திருந்தது. சக்கர நாற்காலியைச் சான்றுப்பொருளாக உருட்டிக்கொண்டு வந்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அதன் பக்கத்தில் நிற்க இடமிருந்தும் யாரும் நிற்கவில்லை. ஜன்னல்காரர் வெளுத்த சட்டையும் படிய வாரிய தலையுமாகக் கூண்டில் ஏறினார்.

"நீங்க அந்த அலுவலகத்துக்கு எவ்வளவு காலமா வர்றீங்க?" என்றார் அக்காவின் வக்கீல்.

"ரொம்ப வருஷமா வரேங்க. விடுமுறை தவிர தினமும்."

"லீவு கேட்டு மறுத்திருக்காங்களா?"

"கேட்டதே இல்லைங்க. நான் வராத அன்னிக்குப் பாத்து ஏதாவது நடந்துட்டா? அந்தப் பயத்துலயே ஒரு நாள்கூட விடறதில்ல. காய்ச்சல்லகூட வந்திருக்கேன்."

"கடமை உணர்ச்சி," என்று நீதிபதி முணுமுணுத்துக் குறித்துக்கொண்டார்.

"உங்களை எப்படி நடத்துறாங்க?"

"தங்கமா நடத்துறாங்க. காத்து இருக்கு, தண்ணி இருக்கு, படிக்கப் பேப்பர் இருக்கு. ஒருத்தர் குரல் உசத்திப் பேசினதில்ல. என் வீட்லகூட என்னை இவ்வளவு மரியாதையா நடத்த மாட்டாங்க."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பில் எழுத்தர் தன் வாளியைப் பார்த்துக்கொண்டார். துறையின் பெருமை மிக்க பதில், பதர் போலக் காற்றில் பறந்தது. எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறோம் என்று சொன்ன இடத்தில், இதோ, ஒரு ஆண், சௌக்கியமாக.

அரசு வக்கீல் சுதாரித்துக்கொண்டு எழுந்தார். இந்த ஆளின் பதவி வேறு, வேலை வேறு, அக்காவோடு ஒப்பிட முடியாது என்று காட்டிவிட்டால் தப்பித்துவிடலாம். "ஐயா, ஒரே ஒரு கேள்வி. அந்த ஆபீஸ்ல உங்களுக்கு என்ன வேலை?"

ஜன்னல்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார்.

"கேக்கக் கூடாது!" என்று ஒரு அலறல். இயக்குநர் எழுந்து நின்றிருந்தார். வியர்வை ஆறாக ஓடியது. தலைமையகத்து ஆளை, அதுவும் பலர் முன்னால், 'உனக்கு என்ன வேலை' என்று தன் சொந்த வக்கீலே கேட்பதா? நாளைக்கு யார் தலை உருளும்?

"நீங்க எந்தக் கட்சி?" என்று நீதிபதி இயக்குநரைக் கேட்டார்.

"ஐயா, அந்தக் கேள்வியை எங்க துறையில யாரையும் எப்பவும் கேட்டதில்லைங்க. இவரை மட்டும் கேட்டா, அதுவே பாகுபாடாயிடும்!"

நீதிபதி நீண்ட நேரம் யோசித்தார். சட்டப் புத்தகத்தை ஒருமுறை புரட்டினார். "நியாயமாத்தான் இருக்கு," என்றார். "கேள்வி அனுமதிக்கப்படவில்லை."

ஜன்னல்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டு, பணிவாக இறங்கினார்.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. துறை ஒரு ஆணைத் தங்கமாக நடத்தியிருக்கிறது, விசாரணையக்காவை மூன்று கால் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. பாகுபாடு ஐயமின்றி நிரூபிக்கப்பட்டது. இணைப்புப் பிரிவுத் தலைவர் பதவியை அவளுக்கு உடனே தர வேண்டும். ஆண் ஊழியர்களின் வழக்கு தானாகவே படுத்துவிட்டது. அக்கா நன்றாக நடத்தப்படவில்லை என்று தீர்ப்பே சொன்ன பிறகு அவளைக் காட்டி எப்படி வழக்காடுவது?

பதவி ஏற்ற அன்று, குட்டி போட்டிருந்த பூனையை அக்கா உபசரித்து இடம் மாற்றிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பொருத்தமாகத்தான் இருந்தது. ஆம்பளை உடம்புக்குச் செய்த நாற்காலி ஒன்றும் அவளைக் கண்டு கோபித்துக்கொள்ளவில்லை. கணவர் அதற்கென்று தைத்துக் கொடுத்த மெத்தையில் சாய்ந்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் ஒன்றுமே செய்யாமல் இருந்தாள். தலைவர் வேலை இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

பிறகு வேலையில் இறங்கினாள். வெற்றி பெற்றவள் மனம் தாராளமாக இருக்கும். அக்காவின் மனம் எப்போதுமே கொஞ்சம் தாராளம்தான். வாளிக்காரருக்கு நாலு கால் நாற்காலி வாங்கிக் கொடுத்தாள். கணக்கருக்கு உட்காரக் கற்றுக்கொடுத்தாள். மாடிக்குக் கூரை போடச் சொன்னாள். சண்டை போட்டவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து, "அக்கா, அப்ப ஏதோ புத்தி கெட்டுப்போச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அலுவலகத்தில் முதல் தடவையாக யாரோ பாட்டுப் பாடினார்கள்.

எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. தன்னைக் கரையேற்றிய மனிதருக்குத்தான் ஒன்றுமில்லை. அக்கா யோசித்துப் பார்த்தாள். அத்தனை வருஷம், ஒரு நாள் தவறாமல் வந்தவர். ஒரு பதவி உயர்வு உண்டா? ஒரு இடமாற்றம் உண்டா? மூலையில் உட்கார வைத்தே ஒரு மனிதரை மறந்துபோயிருக்கிறார்கள். இதுவும் பாகுபாடுதானே? பாகுபாட்டை எதிர்த்துப் பெற்ற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவளே அதைச் செய்வதா?

நேரே இயக்குநரிடம் போனாள். "ஜன்னல்காரருக்கு ஒரு பதவி உயர்வு குடுக்கணும் சார்."

இயக்குநருக்குக் கேட்ட காது குளிர்ந்தது. கண்காணிக்க வந்த ஆளைப் பகைக்காமல் அனுப்பிவைக்க இதைவிட நல்ல வழி ஏது? "தாராளமாக் குடுக்கலாம் அக்கா. இங்க எதுக்கு அவர் கஷ்டப்படணும்? மலைமேல அணைக்கட்டு இருக்கு. அதுக்குக் கண்காணிப்பாளராப் போட்டுடலாம். நல்ல குளிர்ச்சியான இடம். ரொம்ப தூரம்."

உத்தரவு அன்றே தயாரானது. அக்காவே கொண்டுபோய் ஜன்னல்காரரிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் பரபரப்பாக எழுந்தார். "கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க சார். மலைக்கு!" என்று பில் எழுத்தர் தன் புது நாற்காலியிலிருந்து கைதட்டினார். அலுவலகமே கைதட்டியது.

ஜன்னல்காரர் உத்தரவைப் படித்தார். திரும்பப் படித்தார். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். இத்தனை பேர் சந்தோஷமாகக் கைதட்டும்போது என்ன சொல்வது என்று தெரியாத மனிதரின் முகம் அது. மெல்லக் கும்பிட்டுவிட்டு, கேன்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பணிவு என்றால் இதல்லவா பணிவு என்று அக்கா வியந்தாள்.

மறுநாள் காலை. அக்கா தன் நாற்காலியில் அமர்ந்து, தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். புதிதாக மாட்டிய மின்விசிறி ஓடியது. ஜன்னல் திறந்திருந்தது. வாழ்க்கையில் இனி ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்ற நிறைவு அவளுக்கு.

கதவு படாரென்று திறந்தது. மூச்சிரைக்க ஒரு அம்மாள் நின்றிருந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, அந்த உத்தரவைக் கையில் கசக்கிப் பிடித்திருந்தாள்.

"நீங்கதானே இங்க புதுத் தலைவரு? நான் ஜன்னல்காரர் பெண்சாதி."

"வாங்கம்மா, வாங்க!" அக்கா முகம் மலர எழுந்தாள். "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஊழியரை நான் பாத்ததில்ல. தூரத்து ஊருன்னு கவலைப்படாதீங்க. அங்க வீடு குடுப்பாங்க, வண்டி குடுப்பாங்க..."

"நாசமாப் போச்சு! எந்த ஊழியரு? எங்க வீட்டுக்குக் குழாய் வேணும்னு மனு குடுக்க வந்த மனுஷன்மா அவரு. 'அப்படி ஓரமா உக்காருங்க, கூப்பிடுறேன்'னு அன்னிக்கு வாசல் மேசையில இருந்து நீங்கதானேம்மா சொன்னீங்க!"